கருஞ்சிறகு வகுத்த நெறி

நுழையும்முன்

எந்த மீனை எப்போது பிடிக்கலாம், யார் உண்ணலாம், எந்நாளில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை மீனே வந்து கற்றுக்கொடுத்ததாக நம்பும் மக்கள் இவ்வுலகில் உள்ளனர். பசிபிக் பெருங்கடலின் மேற்கு விளிம்பில் ஒரு சிறு தீவில் வாழும் தாவ் மக்களே அவர்கள். அவர்தம் அன்றாட வாழ்வையும் நம்பிக்கையையும், அவ்விரண்டுக்கும் நேர்ந்த ஒரு சோதனையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மனிதரின் தீவு

தைவானின் தென்கிழக்கே, பசிபிக் கடலில், 45 சதுர கிலோமீட்டர் அளவே பரப்புடைய எரிமலைத் தீவு ஒன்று உள்ளது. நிலப்படங்களில் அதன் பெயர் லான்யூ. ஆர்க்கிட் மலர்த் தீவு என்பது அதன் பொருள். அங்கே வழிவழியாக வாழ்வோர் அதனைப் 'பொங்சொ நொ தாவ்' என்று அழைக்கின்றனர். 'தாவ்' என்னும் சொல்லுக்கு மனிதர் என்பது பொருள்; எனவே அது மனிதரின் தீவு. 1897ஆம் ஆண்டு அங்குச் சென்ற ஜப்பானிய மானிடவியலாளர் தோரி ரியூசோ இம்மக்களுக்கு 'யாமி' எனப் பெயரிட்டார். அப்பெயர் நூல்களில் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. இன்று அம்மக்களுள் பலர் தம்மைத் தாவ் என்று அழைப்பதையே விரும்புகின்றனர்.

தீவின் நடுவே மலை. அதன் உச்சி ஏறத்தாழ 550 மீட்டர் உயரமுடையது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுகிய நிலத்தில் ஆறு ஊர்கள் அமைந்துள்ளன. தாவ் மொழி தைவான் பெருந்தீவின் பழங்குடி மொழிகளைக் காட்டிலும், தெற்கே பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த படானெஸ் தீவுகளில் பேசப்படும் இவாதன் மொழிக்கே நெருக்கமானது. இவர்களின் முன்னோர் தெற்கிலிருந்து கடல்வழி வந்தோர் என்பதற்கு மொழியே சான்றாக நிற்கிறது. ஆயினும் இவர்களின் தொன்மக்கதை வேறொன்றைச் சொல்கிறது. கல் பிளந்து ஒருவனும் மூங்கில் பிளந்து ஒருவனும் தோன்றினர். அவ்விருவர் வழியே தாவ் இனம் பெருகியது என்பது அக்கதை.

இம்மக்களுக்கு அரசனும் இல்லை, குலத்தலைவனும் இல்லை. ஒரே படகில் துடுப்பு வலிக்கும் உறவினர் கூட்டமே இவர்களின் சமூக அமைப்பில் முதன்மையான அலகாக விளங்கியது.

மீன் கனவில் வந்த கதை

குரோஷியோ என்னும் வெப்ப நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இத்தீவை ஒட்டிப் பாய்கிறது. ஆண்டுதோறும் இளவேனில் தொடங்குங்காலத்தில் அந்நீரோட்டத்தோடு கூட்டங்கூட்டமாக வந்து சேர்வது பறக்கும் மீன். நம் கடற்கரை மீனவர் பறவைக்கோலா என்று சொல்வது இவ்வகை மீனையே. மார்புத் துடுப்புகளைச் சிறகுபோல் விரித்து நீர்ப்பரப்பின் மேலே நெடுந்தொலைவு மிதந்து செல்லவல்லது இது.

முன்னொரு காலத்தில் தாவ் முன்னோர் இம்மீனை நண்டோடும் சிப்பியோடும் ஒரே பானையில் இட்டுச் சமைத்து உண்டனராம். உண்டவர் நோயுற்றனர், உடலில் புண்கள் தோன்றின. அவ்வாறே மீன்களும் நோயுற்றன. அப்போது பறவைக்கோலாக்களுள் மேம்பட்டதாகிய கருஞ்சிறகு மீன் முதியவர் ஒருவரின் கனவில் தோன்றி, இன்ன இடத்தில் தன்னை வந்து காணுமாறு கூறியது. அவர் சென்றார். தன் இனத்தின் வகைகள் எவை, அவை எம்மாதங்களில் வரும், எவ்வாறு அழைக்க வேண்டும், எவ்வாறு உலர்த்த வேண்டும், எக்கலத்தில் சமைக்க வேண்டும், எப்போது உண்பதை நிறுத்த வேண்டும் என்பனவற்றையெல்லாம் கருஞ்சிறகு மீன் அவருக்கு ஒவ்வொன்றாகக் கற்பித்தது. தாவ் மக்களின் ஆண்டு முழுமையும் அந்த உரையாடலின்படியே நடைபெறுகிறது.

இக்கதையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இங்கே மீன் இரையாக மட்டும் வரவில்லை. நெறி கூறும் ஆசானாக வருகிறது. மனிதர் பிடிக்கலாம், ஆனால் முறைப்படி பிடிக்க வேண்டும் என்று இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட உடன்படிக்கை அது. ஒரு தரப்பைக் கேளாமல் மற்றொரு தரப்பு முடிவெடுப்பது இக்கதையில் இல்லை.

மூன்று பருவங்கள்

தாவ் நாட்காட்டி நிலவை அடிப்படையாகக் கொண்டது. ஆண்டு மூன்று பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. பறவைக்கோலா வரும் பருவம் 'ராயொன்'. ஏறத்தாழ பிப்ரவரி, மார்ச் தொடங்கி ஜூன் வரை நீள்வது. அதன்பின் வருவது அம்மீன்பிடிப்பு முடிந்த பருவம். மூன்றாவது குளிர்ப் பருவம்.

ராயொன் தொடங்கும்போது ஆடவர் கடற்கரையில் கூடுகின்றனர். கோவணம் உடுத்து, வழிவழி வந்த வெள்ளித் தலைக்கவசமும் பொன்னணியும் பூண்டு, கடலை நோக்கி நின்று மீனை அழைக்கின்றனர். கோழி அல்லது பன்றியின் குருதியில் விரல் தோய்த்துக் கரையிலுள்ள கல்லின்மேல் வைத்து, குடும்பத்தார் அனைவரும் நீடு வாழ வேண்டும் என்று வேண்டுகின்றனர். பெண்கள் இச்சடங்கிற்கு வருவதில்லை. அந்நாளிலிருந்து கரையோரப் பவளப்பாறைகளிடையே வாழும் மீன்களைப் பிடிப்பது விலக்கப்படுகிறது. கடல் தேடி வந்த விருந்தினனை வரவேற்கும் காலத்தில் வேறு மீனை நாடுதல் முறையன்று என்பது கருத்து.

பருவத்தின் தொடக்க வாரங்களில் பெரிய படகுகள் இரவிலே செல்லும். காய்ந்த நாணற்கட்டுகளைக் கொளுத்திப் பந்தமாக உயர்த்தினால் ஒளியை நாடி மீன்கள் படகருகே பாய்ந்து வரும்; கைவலையால் அள்ளிக்கொள்வர். ஏப்ரல் அளவில் சிறு படகுகளின் முறை வருகிறது. ஒருவரோ இருவரோ பகலில் சென்று, பறவைக்கோலாவையே தூண்டில் இரையாக்கி, அதனை விரட்டி உண்ணும் 'அராயோ' என்னும் பெருமீனைப் பிடிக்கின்றனர். தனி ஒருவராய்ச் சென்று அராயோவோடு திரும்புதல் ஓர் ஆடவனுக்குப் பெருமை தரும் செயலாகக் கருதப்படுகிறது.

பிடித்த மீனைப் பிளந்து, கீறி, உப்பிட்டு, வீட்டு முற்றத்திலுள்ள மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிடுவர். வெயிலில் உலர்ந்தபின் புகையிட்டுப் பாதுகாப்பர். இம்மீனுக்கென்று தனிப்பானை உண்டு. வேறு மீன் அப்பானையில் வேகக்கூடாது. ஜூன் மாத அளவில் பிடிப்பது நிற்கிறது. இலையுதிர்காலத்தின் நடுவே ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அந்நாளுக்குப்பின் உலர்மீன் எஞ்சியிருந்தாலும் உண்பதில்லை, எறிந்துவிடுவர்.

எறிந்துவிடுவதற்காக எவரேனும் மீன் பிடிப்பார்களா? பிடிக்க மாட்டார்கள். ஆகவே அந்நாள் வரைக்கும் குடும்பத்திற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே பிடிக்கப் பழகினர். வேனில் முழுதும் கரையோர மீன்கள் தொல்லையின்றி இனம்பெருக்குகின்றன. எஞ்சிய மாதங்களில் பறவைக்கோலா தொல்லையின்றிச் செல்கிறது. கடல்வளப் பாதுகாப்பைப் பற்றி ஆராய்வோர் இதனை இன்று வியந்து பேசுகின்றனர். தாவ் முதியவர்களோ இதனை வளப் பாதுகாப்பு என்று சொல்வதில்லை. கருஞ்சிறகு மீனுக்குக் கொடுத்த வாக்கு என்றே சொல்கின்றனர்.

உண்பதிலும் ஒழுங்கு உண்டு. கரையோர மீன்களை இவர்கள் நல்ல மீன், தாழ்ந்த மீன் என வகைப்படுத்துவர். நல்ல மீனை எல்லாரும் உண்ணலாம்; எனினும் அது பெண்களுக்கே முதன்மையாக உரியது. தாழ்ந்த மீன் ஆடவர்க்கு மட்டும். முதியவர் மட்டுமே உண்ணத்தக்க வகைகளும் சில உள. கருவுற்றவளுக்கும் குழந்தைக்குப் பாலூட்டுபவளுக்கும் உண்ணத்தக்க மீன் எது என்பது நுணுக்கமாக வரையறுக்கப்பட்டுள்ளது. எனவே கடலில் மூழ்கும் கணவன் தன் பசியை நினைத்து மீன் தேடுவதில்லை. வீட்டில் யார் யார் எதனை உண்பர் என்று எண்ணியே தேடுகிறான். ஒரே வகை மீனை எல்லாரும் நாடி அழித்துவிடாமல் பல வகைகளும் அளவோடு பிடிபடுவதற்கு இவ்வழக்கம் துணைசெய்தது.

சேம்பும் படகும்

கடல் ஆடவருடையது என்றால் வயல் பெண்களுடையது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கற்களால் வரம்பு கட்டி அமைத்த சதுப்பு வயல்களில் பெண்கள் சேம்பு பயிரிடுகின்றனர். முழங்கால் அளவு சேற்றில் நின்று களையெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் அவர்களின் நாள்தோறும் செய்யும் வேலை. மேட்டு நிலத்தில் சர்க்கரைவள்ளியும் வள்ளிக்கிழங்கும் தினையும் விளையும். மீனும் கிழங்கும் சேர்ந்தால்தான் தாவ் உணவு நிறைவுறும்.

இவ்விரு உலகங்களும் ஒன்றுகூடும் இடம் படகு. தாவ் படகு மரத்தைக் குடைந்து செய்யப்படுவதன்று. பலகைகளைப் பொருத்திச் செய்யப்படுவது. 'ததலா' எனப்படும் சிறு படகிற்கு 21 பலகைகளும் பெரிய படகிற்கு 27 பலகைகளும் வேண்டும். அடிப்பகுதிக்கு உறுதியான மரம், மேற்பகுதிக்கு இலேசான மரம் என ஒவ்வோர் உறுப்பிற்கும் ஏற்ற மரம் வேறு வேறு. பலகைகள் மர ஆணிகளால் இணைக்கப்படும். இடுக்குகள் நாரினால் அடைக்கப்படும். இரும்பாணி இல்லை. முன்னும் பின்னும் பிறைபோல் வளைந்து உயரும் இப்படகின் வடிவம் காண்போரை உடனே ஈர்ப்பது.

காட்டில் எம்மரம் எக்குடும்பத்துக்கு உரியது என்பதை அதில் வெட்டப்பட்ட குறி காட்டும். தந்தை குறியிட்டு வளர்த்த மரத்தை மகன் வெட்டுவான். மகன் நட்டுக் காத்ததைப் பெயரன் வெட்டுவான். வெட்டுமுன் மரத்தோடு பேசுவர். மரத்துக்கும் உயிருண்டு என்பது நம்பிக்கை. படகு முடிந்ததும் செம்மண்ணால் சிவப்பும், சிப்பி சுட்ட சுண்ணாம்பால் வெண்மையும், கரியால் கருமையும் தீட்டுவர். மூன்றே நிறங்கள். முன்னும் பின்னும் கதிர் விரிக்கும் ஞாயிறு போன்ற வட்டம் ஒன்று வரையப்படும். அது படகின் கண். கடலில் வழியையும் தீயதையும் காண்பது.

செதுக்கோவியம் தீட்டிய படகைக் கடலில் இறக்கும் விழாவே தாவ் வாழ்வின் மிகப்பெரிய விழா எனலாம். அதற்கு ஆயத்தம் செய்வது படகோட்டி மட்டுமல்லன். அவன் மனைவி சில ஆண்டுகளுக்கு முன்னரே கூடுதல் வயல்களில் சேம்பு நட்டு வைத்திருப்பாள். விழாநாளில் படகே கண்ணுக்குத் தெரியாதவாறு அக்கிழங்குகளை அதன்மேல் குவிப்பர். பின் அவை பன்றியிறைச்சியோடு விருந்தினர்க்குப் பகிர்ந்தளிக்கப்படும். இறுதியில் ஆடவர் படகைச் சூழ்ந்து, கைகளை முறுக்கி, கண்களை உருட்டி, உரத்த குரல் எழுப்பித் தீய ஆவிகளை விரட்டுவர். படகை வானில் தூக்கி எறிந்து எறிந்து ஏந்துவர். அதன்பின்னரே அது கடலைத் தொடும். படகின் அழகை மட்டும் நிழற்படத்தில் காண்போர் அந்தச் சேற்றுவயலை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெயர் மாறும் மனிதர்

தாவ் மக்களிடையே பிள்ளை பெற்றோரைப் பெயரிடுகிறது. திருமணமாகாதவர் பெயருக்கு முன் 'சி' என்னும் அடை வரும். முதற்குழந்தை பிறந்ததும் தந்தை 'சியாமன்' என்றும் தாய் 'சினான்' என்றும் தொடங்கி, குழந்தையின் பெயரைச் சேர்த்து அழைக்கப்படுவர். பேரக்குழந்தை பிறந்தால் பாட்டனும் பாட்டியும் 'சியாப்பென்' என்னும் அடையோடு மீண்டும் பெயர் மாறுவர். ஒருவர் பெயரைக் கேட்டவுடனே அவர் வாழ்வின் எப்படிநிலையில் நிற்கிறார் என்பது விளங்கிவிடும்.

தாவ் எழுத்தாளர்களுள் புகழ்பெற்றவர் சியாமன் ரபொங்கன். ரபொங்கனின் தந்தை என்பது அப்பெயரின் பொருள். 1957இல் பிறந்த இவர் தைவான் பெருந்தீவில் உயர்கல்வி பயின்று, தைபே நகரில் வாடகைக் கார் ஓட்டியும் வாழ்ந்தவர். பின்னர்த் தீவுக்குத் திரும்பித் தம் தந்தையிடம் மூச்சடக்கி மூழ்கவும் படகு கட்டவும் கற்றார். அரசுப் பதிவேட்டில் இருந்த சீனப் பெயரை விடுத்துத் தாவ் பெயரை மீட்டுக்கொண்டார். 1999இல் வெளிவந்த இவரது புதினத்தின் தலைப்பு 'கறுப்புச் சிறகுகள்' என்பதாகும். எந்த மீனின் சிறகு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலுலக மாந்தரும் அனிதோவும்

வானத்தில் பல அடுக்குகள் உள்ளன, அவற்றில் மேலுலக மாந்தர் வாழ்கின்றனர், மழையும் மீனும் விளைவும் அவர்கள் அருளால் வருகின்றன என்பது தாவ் நம்பிக்கை. தெய்வங்களையும் இவர்கள் 'மேலே உள்ள மனிதர்' என்றே குறிப்பது இனிய செய்தி. அச்சத்திற்குரியவை இறந்தோரின் ஆவிகள். அவற்றுக்கு 'அனிதோ' என்று பெயர். நோய், விபத்து, பயிர்க்கேடு, படகு கவிழ்தல் ஆகிய யாவற்றுக்கும் அனிதோவே காரணம் என்று கருதினர். இறந்தவரை அடக்கம் செய்யச் செல்லும் ஆடவர், போருக்குச் செல்வார்போல் பிரம்புக் கவசமும் தலைக்கவசமும் அணிந்து ஈட்டி ஏந்திச் செல்வர். இடுகாட்டின் பக்கம் எவரும் தேவையின்றிச் செல்வதில்லை. கடலுக்குப் புறப்படும் ஒருவரிடம் 'மீன்பிடிக்கச் செல்கிறீர்களா?' என்று கேட்பதும் தவறு. அனிதோவின் காதில் அது விழுந்துவிடக்கூடும்.

1950களில் கிறித்துவம் தீவுக்கு வந்தது. பிரெஸ்பிட்டேரியன் சபையாரும் கத்தோலிக்கரும் ஊர்தோறும் கோயில் எழுப்பினர். இன்று தாவ் மக்களுள் பெரும்பாலோர் கிறித்துவர். 1994இல் புதிய ஏற்பாடு தாவ் மொழியில் வெளிவந்தது. புதிய சமயம் வந்தபின் பழைய சடங்குகள் ஒழிந்துவிட்டனவா என்றால், இல்லை. மீனை அழைக்கும் கரையிலேயே இயேசுவை நோக்கிய வேண்டுதலும் இன்று ஒலிக்கிறது. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று வெளியார் வினவலாம். கடலுக்குச் செல்பவர் தமக்குத் துணையாவோரைக் குறைத்துக்கொள்ள விரும்புவதில்லை.

இதனினும் பெரிய மாற்றம் வீடுகளுக்கு நேர்ந்தது. பெரும்புயல் அடிக்கடி வீசும் தீவு ஆதலின், முன்னோர் நிலத்தை அகழ்ந்து, கற்சுவர் எழுப்பி, கூரை மட்டுமே தரைக்கு மேலே தெரியுமாறு வீடு கட்டினர். வேனிலில் காற்று வாங்க உயர்ந்த திண்ணை ஒன்றும் அருகே இருந்தது. 1966 முதல் தைவான் அரசு 'வீட்டு மேம்பாடு' என்னும் பெயரில் அவற்றை இடித்துக் கான்கிரீட் வீடுகள் கட்டித் தந்தது. புயலை வென்று நின்ற வீடுகள் போயின. புதிய வீடுகளின் கம்பிகள் சில பத்தாண்டுகளிலேயே துருப்பிடித்து வெளியே தெரிந்தன. இவாலினோ, இராராலெய் ஆகிய ஊர்களிலேயே பழைய வீடுகளுட் சில எஞ்சியுள்ளன.

கேளாமல் வந்த பீப்பாய்கள்

1970களில் தீவின் தென்முனையில் ஒரு கட்டுமானம் தொடங்கப்படவிருந்தது. மீனைப் பதப்படுத்தித் தகரக் கலங்களில் அடைக்கும் தொழிற்சாலை வருகிறது என்றே தாவ் மக்கள் நம்பியிருந்தனர். 1982இல் கப்பல்கள் வந்தன. அவை இறக்கியவை தைவானின் அணுமின் நிலையங்களிலிருந்து வந்த கதிரியக்கக் கழிவு நிரம்பிய இரும்புப் பீப்பாய்கள். 1996 வரை ஏறத்தாழ 98,000 பீப்பாய்கள் தீவில் சேர்க்கப்பட்டன. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் அவற்றுட் பல துருப்பிடித்தன.

கதிர்வீச்சு கண்ணுக்குப் புலப்படாது, மணமும் இல்லை, ஆனால் உயிரைக் கொல்லவல்லது. இத்தகைய ஒன்றுக்குத் தாவ் மொழியில் ஏற்கனவே ஒரு பெயர் இருந்தது. 1988 பிப்ரவரி 20 அன்று தீவின் இளைஞரும் முதியோரும் திருச்சபையினரும் ஒன்றுகூடி அனிதோவை விரட்டும் போராட்டத்தை நடத்தினர். முதியவர்கள் பழைய கவசமும் தலைக்கவசமும் அணிந்து வந்தனர். இறந்தோரின் ஆவியை எதிர்கொள்ள அணிந்த அதே கோலம். படித்த இளைஞர்கள் அறிவியல் மொழியில் எழுதிய எதிர்ப்புக்கும், முதியவர்கள் நம்பிக்கையின் மொழியில் எழுப்பிய எதிர்ப்புக்கும் அன்று வேறுபாடு இருக்கவில்லை. கிறித்துவக் கோயிலுக்குச் செல்வோரும் அச்சொல்லையே முழங்கினர். தொடர்ந்து நிகழ்ந்த எதிர்ப்புகளால் 1996இல் மேலும் பீப்பாய்களோடு வந்த கப்பல் இறக்காமலே திரும்பியது. அதன்பின் புதிய கழிவு வரவில்லை. வந்தவை மட்டும் அகலவில்லை.

2016 ஆகஸ்ட் முதல் நாள் தைவான் அதிபர் சாய் இங்-வென் நாட்டின் பழங்குடிகளிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். லான்யூவில் வைத்த அணுக்கழிவையும் அதில் குறிப்பிட்டார். அதன்பின் நடந்த அரசு விசாரணை, இடத்தைத் தேர்ந்தபோது தாவ் மக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதை 2018இல் ஒப்புக்கொண்டது. 2019இல் 255 கோடி தைவான் டாலர் இழப்பீடு அறிவிக்கப்பட்டபோது தீவு மக்களுள் பலர் அதனை ஏற்க மறுத்தனர். பணம் வேண்டா, பீப்பாய்களை எடுத்துச் செல்லுங்கள் என்பது அவர்கள் மறுமொழி. பசிபிக் தீவு மக்களுள் பெருநாடுகளின் அணு ஆய்வுகளால் துன்புற்றோர் வேறு சிலரும் உளர். ஆயின் தாவ் மக்களின் முறையீட்டில் ஒரு தனிக்கூறு உண்டு. ஒரு மீனைப் பிடிப்பதற்கே அதனிடம் கேட்டு நெறி பெற்றவர்கள் அவர்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

இன்று தீவில் மாணவர் படிப்பது சீன மொழியில். முதியோர் பேசும் தாவ் மொழியை இளையோர் அனைவரும் சரளமாகப் பேசுவதில்லை. இயந்திரப் படகுகள் பெருகிவிட்டன. வேனில் மாதங்களில் சுற்றுலாப் பயணியர் இருசக்கர வண்டிகளில் தீவைச் சுற்றி வருகின்றனர். கரையில் நிற்கும் ததலாவைத் தொடாதீர், முற்றத்தில் உலரும் மீனைத் தொடாதீர் என்று அவர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. வேலைக்காகப் பெருந்தீவுக்குச் சென்ற இளைஞர் சிலர் ராயொன் பருவத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர்.

பீப்பாய்கள் தென்முனைக் கிடங்கில் உள்ளன. ஆண்டின் தொடக்க மாதங்களில் ஊர் ஆடவர் வெள்ளித் தலைக்கவசம் அணிந்து கரைக்கு வருகின்றனர். அவர்கள் அழைக்கின்றனர், குரோஷியோவின் வெந்நீரில் கருஞ்சிறகு மீன்கள் வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கின்றன.